பெயர் இழந்த எண்

பிந்துஜா உள்ளே வந்தபோதே அழுது ஓய்ந்திருந்தாள். கப்பல் பட்டறையின் வரைபடப் பிரிவில் அவள் பொறியாளர். கணினிப் பிரிவின் குருவிளா பால் விடாத கட்டன் சாயாவை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"சாரே, சாயங்காலத்துக்குள்ள என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. எங்க பிரிவுல இருந்து செத்துப்போன சுதீப் பேர்ல தினமும் காலையில யாரோ சிஸ்டத்துக்குள்ள வர்றாங்க. அது நான்தானாம். அவனோட வரைபடத்தைத் திருடி விக்கறேனாம்."

"அவன் பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆஸ்பத்திரியில கிடந்தப்போ அவனே சொன்னான், பாதி வேலை நின்னுடக் கூடாதுன்னு. தாமோதரன் சாருக்கும் இது தெரியும். ஆனா அவர் வாயே திறக்கல. பிரிவுத் தலைவர்தான், ஆனா சுதீப்பைப் பறிகொடுத்த அப்பா. என்னத்தைப் பேசுவாரு, பாவம்."

திருட்டுப் பட்டம் விழுந்தால் இந்தக் கடற்கரையில் எந்தப் பட்டறையும் அவளைச் சேர்க்காது. உதவியாளன் நவாஸுக்கு ரத்தம் கொதித்தது. அவனுக்கு எதற்கெடுத்தாலும் கொதிக்கும், அது வேறு விஷயம்.

"சாரே, இது ஸ்டோர் சஜுவோட வேலை. அவன் முழியே சரியில்ல."

"முழியை வச்சுப் பிடிக்கறதுன்னா முதல்ல உன்னைத்தான்டா பிடிக்கணும். உட்காரு."

குருவிளா ஒரு கறுப்புத் திரையைத் திறந்தார். அதில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கட்டளையைத் தட்டினால் போதும், பட்டறையின் டைரக்டரியில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எதைத் திறக்க உரிமை என்று எழுத்தில் கக்கிவிடும். முதலில் சுதீப்பின் வரைபடக் கோப்புறையைக் கேட்டார். முழு உரிமை என்ற வரியில் பெயரே இல்லை. நீளமாக ஓர் எண் மட்டும் நின்றது.

"பேரை எங்க காணோம்?" என்றான் நவாஸ்.

"மெஷினுக்கு ஆள்னா எண்தான். பேர் நமக்காகக் காட்டறது. ஆளை டைரக்டரியில இருந்து அழிச்சுட்டா எண் இப்படி அநாதையா நிக்கும்."

"சுதீப் பேர்தான் டைரக்டரியில இருக்கே சாரே! இன்னிக்குக் காலையில கூட உள்ள வந்திருக்கு!"

"அதைத்தான் இப்பக் கேக்கப் போறேன்."

இரண்டாவது கட்டளைக்கு வந்த விடையைப் படித்ததும் குருவிளா கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். நவாஸ் எட்டிப் பார்த்தான். அதன்பிறகு அவன் யாருடைய முழியைப் பற்றியும் பேசவில்லை.

பட்டறை மேனேஜர் தரகன் என்பவரின் அறையில் பிந்துஜாவும் தாமோதரனும் இருந்தார்கள். நவாஸோடு உள்ளே வந்த குருவிளா நின்றபடியே பேசினார்.

"இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சது பழைய சுதீப்போட பாஸ்வேர்டு. அந்தக் கணக்கு அழிஞ்சாச்சு. இப்ப வர்றது அதே பேர்ல புதுசா உண்டாக்கினது. எண்ணும் வேற, பாஸ்வேர்டும் வேற. வரைபட உரிமை பழைய எண்கிட்டயே நிக்குது, அதனால புதுசு அந்தக் கோப்புறையில எதையும் திறக்க முடியாது. திருட்டே நடக்கல."

"அப்ப உண்டாக்கினது யாரு?" என்றார் தரகன்.

"நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஆள் போனாலும் வந்தாலும், கணக்கை அழிக்கறதும் உண்டாக்கறதும் அந்தப் பிரிவுத் தலைவர்தான். உண்டாக்கினவர் பேர் உரிமையாளர்னு அதுலயே தங்கிடும்."

பெயரை அவர் சொல்லவில்லை. தாமோதரனே சொன்னார்.

"நான்தான். கெடு முடிஞ்சுது, அழிங்கன்னு நோட்டீஸ் வந்துட்டே இருந்துச்சு. என் கையாலயே அழிச்சேன். மறுநாள் லிஸ்ட்டைத் திறந்தா அவன் பேர் இருந்த இடத்துல அடுத்த ஆள் பேர் மேல ஏறி நிக்குது. தாங்கல. திரும்ப உண்டாக்கினேன். காலையில வந்ததும் அவன் பேர்ல உள்ள போவேன். என் திரையில அவன் வந்துட்டான்னு காட்டும். அதைப் பார்த்துட்டுத்தான் வேலையைத் தொடுவேன்."

பிந்துஜா அவர் பக்கம் திரும்பினாள். "என்னைத் திருடின்னு சொன்னப்போ பக்கத்துலதானே நின்னீங்க, சாரே?"

"நின்னேன், மோளே. சொன்னா அவனை மறுபடியும் அழிச்சிடுவாங்கன்னு பயம். அந்தப் பயத்துல உன்னை விட்டுட்டேன்."

தரகன் தொண்டையைச் செருமினார். "நீ போய் வேலையைப் பாரும்மா." மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

தாமோதரன் குருவிளாவைப் பார்த்தார். "எண் வேறன்னீங்களே. பேர், படம், பிறந்த தேதி எல்லாம் ஒண்ணு விடாம நானே தட்டினேன். அப்ப அது அவன் இல்லையா?"

பொய் சொல்லலாமா என்று குருவிளா யோசித்தது நவாஸுக்குத் தெரிந்தது.

"இல்ல, தாமோதரேட்டா. ஒருத்தர் போனா அந்த எண்ணை மெஷின் யாருக்கும் தராது. அவருக்கே கூடத் தராது."

மயானத்தில்கூட அழாத மனிதர் அப்போது வாய்விட்டு அழுதார். கதவருகே போயிருந்த பிந்துஜா திரும்பி வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.