பவளத்துக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர்

ராஜபாளையத்தில் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும். ஆனால் பூரணியின் வீட்டு முன்னறையில் ஒரு குட்டிக் கடல் இருந்தது.

அது ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அப்பா ஐயாதுரை நூல் மில்லில் ஃபிட்டர். தொட்டி, மோட்டார், மேலே இரண்டு டியூப்லைட் எல்லாம் அவர் கைவேலைதான். தொட்டிக்குள் தூத்துக்குடிக் கடல் தண்ணீர், கொஞ்சம் மணல், அதன் நடுவே ஒரு பவளம்.

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்லை நினைத்துவிடாதீர்கள். இது உயிருள்ள பவளம். ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு குட்டை குட்டையாகப் பத்துப் பன்னிரண்டு விரல்கள் முளைத்திருக்கும். விளக்கைப் போட்டால் ஒவ்வொரு விரலிலும் கடுகு கடுகாகப் பூக்கள் விரியும். அந்தப் பூக்கள்தான் அதன் வாய்கள்.

தூத்துக்குடியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் சமுத்திரம் மாமா, அம்மாவின் அண்ணன். வலையில் சிக்கி வந்த அந்தப் பவளத்தை வாளித் தண்ணீரில் வைத்து, மடியிலேயே சுமந்து கொண்டுவந்து கொடுத்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூரணி பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நிற்பாள். "இன்னைக்கு எம்புட்டுப் பூ?" என்று எண்ணத் தொடங்குவாள். ஒரு நாளும் எண்ணி முடித்ததில்லை.

ஒரு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு பூக்கள் குறைந்தன. விரல்கள் சுருங்கின. ஒரு வாரத்தில் ஒரு பூகூட இல்லை.

அப்பா டியூப்லைட்டை மாற்றினார். மோட்டாரைக் கழற்றிக் கழுவினார். ஆடி மாதக் காற்று வீட்டுக்குள் வீசி வீசி, தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு சொம்பு குறைந்தது. குறைந்த அளவுக்கு, மாமா கொண்டுவந்து வைத்திருந்த கேனிலிருந்து கடல் தண்ணீரை எடுத்து, ஒரு நாள் தவறாமல் ஊற்றினார்.

"பிள்ளைக்கு நோட்டு வாங்கணும்னா மறந்து போவும். இதுக்குத் தண்ணி ஊத்த மட்டும் மறக்காது" என்றாள் அம்மா சண்முகத்தாய்.

"அது வாய் திறந்து கேக்காதுல்லா?" என்றார் அப்பா.

"இப்ப அதுக்கு வாயே திறக்கலையே!"

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் வாடிவிட்டது. எதிர்வீட்டு போனுக்கு மாமா பேசியபோது நடந்ததைச் சொன்னார்.

"மச்சான், ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வாரேன். அதுக்குள்ள தேறலைன்னா நான் எடுத்துட்டுப் போயி கடல்லயே விட்டுருதேன். பாவம், உசுருல்லா?" என்றார் மாமா.

அப்பா சரி என்று சொல்லிவிட்டார். பூரணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பவளம் போய்விடுமே என்பது ஒரு பக்கம். கடல் போய்ச் சேரும் வரை அது தாங்குமா என்பது இன்னொரு பக்கம்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டில் அம்மா மதியத்துப் புளிக்குழம்பைச் சுடவைத்து ஊற்றினாள். பூரணி ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, உப்புக் கரிக்குது! மத்தியானம் நல்லாத்தான இருந்துச்சு? மறுபடியும் உப்புப் போட்டியா?"

"நான் எதுக்குப் போடுதேன்? அடுப்புல வச்சு மறந்துட்டேன், சுண்டிருச்சு. தண்ணிதான ஆவியாப் போவும்? உப்பு சட்டியிலதான கிடக்கும்?" அம்மா எழுந்து வெந்நீர்ச் செம்பை எடுத்தாள். "இரு, கொஞ்சம் தண்ணி விடுதேன்."

 பூரணி சட்டென்று முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா! நம்ம தொட்டியும் சுண்டுது!"

"என்னட்டி சொல்லுத?"

"காத்துல தண்ணி மட்டும்தான் போவுது, உப்பு போவாது. நாம அதுமேல திரும்பவும் உப்புத் தண்ணியவே ஊத்துதோம். தினம் ஒரு சொம்பு! இந்தக் குழம்புல இன்னும் உப்ப அள்ளிப் போட்ட மாதிரி!"

அப்பா தலையை ஆட்டினார். "கடல் உசுருக்கு நல்ல தண்ணிய ஊத்துனா செத்துப் போவும்ட்டி."

"கடல்ல மழை பெய்யாதா? மழை நல்ல தண்ணிதான?"

அப்பா ஒரு வாய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் பார்த்தார். 

ஆனாலும் அவர் மில்லில் வேலை பார்க்கிறவர். அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். பூரணிக்கும் அது தெரியும். ராத்திரி முழுக்க யோசித்தாள்.

காலையில் ஒரு குட்டி மாத்திரைப் பாட்டிலைத் தேடி எடுத்தாள். ஒரு டம்ளரில் கேனிலிருந்த கடல் தண்ணீரை நிரப்பி, பாட்டிலை மூடிப் போட்டாள். மிதந்தது. திறந்து கொஞ்சம் மணல் போட்டாள். இன்னும் மிதந்தது. சிட்டிகை சிட்டிகையாகப் போடப் போட, ஒரு கட்டத்தில் பாட்டில் மெதுவாக, மிக மெதுவாக அடியில் போய் உட்கார்ந்தது.

"அப்பா, இது கடல் தண்ணியில முங்குதா?"

"முங்குது."

அதே பாட்டிலை எடுத்துத் துடைத்து, தொட்டித் தண்ணீர் இருந்த இன்னொரு டம்ளரில் போட்டாள். பாட்டில் மேலேயே நின்றது. விரலால் அமுக்கிவிட்டாள். மறுபடியும் மேலே வந்து நின்றது.

அப்பா குனிந்து பார்த்தார். தானும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"உப்பு கூடுனாத்தான் இப்படித் தூக்கும்" என்றார் மெல்ல. "ஐயோ, நானேல்லா அதக் கெடுத்து வச்சிருக்கேன்!"

வேகமாகப் போய் ஒரு வாளி குழாய்த் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூரணி குறுக்கே நின்றாள்.

"ஒரேயடியா ஊத்தாதீக அப்பா! வெயில்ல விளையாடிட்டு வந்து உடனே தலைக்கு ஊத்துனா எனக்கே காய்ச்சல் வருதுல்லா? அது ஏற்கெனவே சீக்காக் கிடக்கு. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துவோம்."

அப்பா வாளியை இறக்கி வைத்தார். "அதுவும் சரிதான். குழாய்த் தண்ணியில வேற பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பாக. ஒரு நாள் திறந்து வச்சு, வாடை போன பொறவு ஊத்துவோம்."

மறுநாளிலிருந்து காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. தொட்டியிலிருந்து ஒரு சொம்பு எடுப்பது, ஆறவைத்த நல்ல தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றுவது. காற்று குடித்த தண்ணீருக்குப் பதிலாகவும் நல்ல தண்ணீர்தான்.

நான்கு நாள் எந்த மாற்றமும் இல்லை. ஐந்தாம் நாள் தொட்டித் தண்ணீரை டம்ளரில் எடுத்துப் போட்டுப் பார்த்தபோது, பாட்டில் மேலே நிற்கக் கொஞ்சம் தயங்கியது. எட்டாம் நாள் விரல்களின் சுருக்கம் குறைந்த மாதிரி இருந்தது. அப்பா ஆமாம் என்றார். அம்மா இல்லை என்றாள். பன்னிரண்டாம் நாள், கடல் தண்ணீரில் முங்கியது போலவே, பாட்டில் மெதுவாக அடியில் போய் உட்கார்ந்தது.

பூரணி கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து, "இனி நீதான் பாத்துக்கிடணும்" என்று பவளத்திடம் சொன்னாள். பூ எதுவும் விரியவில்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சமுத்திரம் மாமா வந்துவிட்டார். ஒரு கையில் கடல் தண்ணீர்க் கேன். மறு கையில் பவளத்தை எடுத்துப் போக மூடி போட்ட வாளி.

"எங்க, காட்டுங்க பாப்போம்" என்று தொட்டி முன்னால் குந்தினார்.

அப்பா விளக்கைப் போட்டார்.  அடுப்படியில் வேலையாக இருந்த அம்மாவும் கரண்டியோடு வந்து நின்றாள்.

ஓரத்து விரலில் கடுகளவு ஒரு பூ எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் அடுத்த விரல், அதற்கடுத்த விரல். சிறிது நேரத்தில் விரல்களே தெரியாத அளவுக்குப் பூக்கள் அசைந்தன. பூரணி எண்ணவே இல்லை. கை தட்டிக் குதித்தாள்.

"ஏ மச்சான், என்ன மருந்துய்யா போட்டீக?" என்றார் மாமா.

"மருந்தெல்லாம் இல்ல. எம்மக கண்டுபிடிச்சா. ஊத்துனது வெறும் நல்ல தண்ணி" என்றார் அப்பா. 

மாமா நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். வெறும் வாளியைத் திறந்து உள்ளே ஒரு தடவை பார்த்தார். பிறகு அதைப் பூரணியிடம் நீட்டினார்.

"தாயீ, எங்க தெருவுல தண்ணி வந்து நாலு நாளாச்சு. அந்தப் பவளத்துக்கு ஊத்துன தண்ணியில எனக்கும் ஒரு வாளி குடு!"