கொசுறு உடம்பு

"கறுப்பு எப்படிப் போவுது?" என்று தக்காளி விலை விசாரிக்கும் குரலில் கேட்டாள் பூங்கோதை.

"இந்த வாரம் கறுப்புக்குக் கிராக்கிங்க அக்கா. வெண்புள்ளி அதுக்கும் மேல. ஒத்தக்கால் வேணும்னா சொல்லி வெச்சுத்தான் வாங்கோணும்" என்றான் நவநீதன்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தையின் மூன்றாம் மாடியில் அவன் விற்றது துணியல்ல, உடம்பு. நிழலுரு என்று பேர். அளவாடி முன்னால் ஒருவர் நின்றால் போதும், அந்தக் கண்ணாடி அவருடைய தோல், மடிப்பு, நடை எல்லாவற்றையும் உரித்து வைத்துக்கொள்ளும். பிறகு அந்த உருவுக்கு எந்தத் துணியையும் மாட்டித் திரையில் நடக்க விடலாம்.

'எல்லா மனிதருக்கும் இடம்' என்று இணையச் சந்தை விதி போட்டதிலிருந்து, பன்னிரண்டு விதமான உடம்பில் காட்டாத துணி அங்கே ஏறாது. பெரிய கம்பெனிகள் நிஜ மனிதர்களைச் சம்பளத்துக்கு நிறுத்தின. நாலு மிஷின் போட்டு நைட்டி தைக்கிற பூங்கோதைக்கு அது ஆகிற காரியமா? தீபாவளிச் சரக்கு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. சாயங்காலத்துக்குள் உடம்பு சேராவிட்டால் இணையச் சந்தையிலிருந்து அவள் கடையைத் தூக்கிவிடுவார்கள்.

கசாப்புக் கடையில் தொங்குவதுபோல் வரிசையாக நின்றன நிழலுருக்கள். நவநீதன் விரலைச் சுண்டினால் திரும்பின, குனிந்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேரத்தை மட்டும் விடவில்லை.

"பதினொண்ணுக்குத்தான் காசு. கொசுறா ஒண்ணு போடு."

"கறிவேப்பிலையா அக்கா இது?"

"அப்படி ஒண்ணு வெச்சிருப்பியே, எடு."

முனகிக்கொண்டே பின்னாலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தான். நடுத்தர வயசு, கனத்த உடம்பு. சும்மா வருகிற சரக்கானாலும் நாலு குறை சொல்லாமல் வாங்கினால் அவள் வியாபாரியா?

"என்னய்யா இது, அரிசி மூட்டைக்குக் கைகால் முளைச்ச மாதிரி? வயித்துல மூணு மடிப்பு. இதுக்குப் போட்டா என் நைட்டியே அழும். இதோட இன்னொண்ணு சேரு."

அவன் சிரித்துக்கொண்டே விரலைச் சுண்டினான். உரு திரும்பியது. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, இடது தோளைத் தூக்கி நின்றது. வலது முன்கையில் படகு வடிவத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு.

பூங்கோதை தன் ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தப் படகு மறையவில்லை.

முகம் மட்டும் யாருடையதோ. மற்றதெல்லாம் அவள். போன ஆடித் தள்ளுபடியில் ஒரு பட்டுச்சேலைக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டியபோது, பில் போட்ட பெண் சொன்னாள்: "அளவாடி முன்னால நின்னு ஒரு ரேகை வெச்சீங்கன்னா இன்னும் அஞ்சு பர்சண்ட் குறையுங்க்கா." வைத்தாள். தெருவெல்லாம் பெருமையும் அடித்தாள்.

"இதை யாராருக்குக் குடுத்திருக்கே?"

"பேரம் பேசின எல்லாருக்கும்தான்."

எதிர்ச்சுவர்த் திரையில் எவனோ ஒரு வியாபாரியின் உள்பாவாடை விளம்பரம் ஓடியது. அடுத்தது உள்ளாடை. இரண்டிலும் அந்தத் தழும்பு நடந்தது.

"விலைக்குக் குடு. எனக்கு மட்டும்."

"இதுக்கேதுங்க விலை? அரிசி மூட்டைன்னு நீங்கதான சொன்னீங்க."

பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பூங்கோதை விலையை ஏற்றிப் பேசினாள். "நல்லாப் பாரு தம்பி. உழைச்ச உடம்பு. ஒரு ஆயிரமாவது சொல்லு."

"கட்டுபடியாகாதுங்க அக்கா. விலைன்னு ஒண்ணு போட்டா உடம்புக்காரிக்குப் பங்கு குடுக்கோணும். கொசுறுக்கு அந்தத் தொந்தரவு இல்லை." ரேகைத் தட்டை அவள் பக்கம் தள்ளினான். "பொழுது எறங்குது. பன்னெண்டாவதா இதையே சேத்துரட்டுங்களா?"

வாயில் ஊறிய எச்சிலைத் துப்ப இடமில்லாமல் விழுங்கிவிட்டு, பூங்கோதை பெருவிரலை நீட்டினாள்.