வெற்றிலைக் கொடியில் விழுந்த புள்ளிகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு என் புருஷன் காளியப்பன் செத்தார். இருட்டுவதற்குள் அவரைக் கொன்றவள் நான்தான் என்று தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

"கசப்பு மரவள்ளிக் கிழங்கைச் சரியா அவிக்காமப் போட்டிருக்கா. தெரியாமப் போட்டாளோ, தெரிஞ்சு போட்டாளோ," என்றார் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி ஜெயபாலன். அவர் சொன்னால் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை கேட்பார். துரை கேட்டால் போலீஸ் கேட்கும்.

1933. மலாயாவில் செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டம். ரப்பர் விலை விழுந்து கிடந்ததால், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் காய்கறி போடச் சொல்லியிருந்தார் துரை. வருஷத்துக்கு ஒருநாள் துரை, துரைசாணி, கிராணி, கங்காணி, சனங்கள் எல்லாரும் கூட்டமாக வீடு வீடாகப் போய்க் கொல்லைகளைப் பார்ப்பார்கள். சிறந்த கொல்லைக்குத் துரைசாணி கையால் பரிசு. போன இரண்டு வருஷமும் கிராணி வீட்டுக்கே கிடைத்தது. இந்த முறை எங்கள் வெற்றிலைக் கொடிக்குத்தான் என்று லயமே சொன்னது. கூட்டம் கொல்லை பார்க்க வந்த அந்த ஞாயிறுதான் என் புருஷன் செத்த நாள்.

திங்கள் காலை ஜோகூர் பாருவிலிருந்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழ் தெரியாது. கூட வந்தவர் பெர்னார்ட், கோர்ட்டில் மொழிபெயர்ப்பவர். என்னை ஏற்றிக்கொண்டு போக லாரி வாசலில் நின்றது. அதில் ஏறினால் தூக்குமேடைதான் என்று எனக்குத் தெரியும்.

"நேத்து என்னம்மா சமைச்சீங்க?" என்று கேட்டார் பெர்னார்ட்.

"கஞ்சி, கருவாடு. நானும்தான் குடிச்சேன்."

"மரவள்ளி?"

"எங்க கொல்லையில மரவள்ளியே கிடையாதுங்க. போய்ப் பாருங்க."

"கடையில வாங்கியிருப்பா," என்றார் கிராணி.

"உங்களை நான் கேட்கல." பெர்னார்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவர் எழுந்ததுலேருந்து என்ன செஞ்சார்? ஒண்ணையும் விடாமச் சொல்லுங்க."

சொன்னேன். முதல்நாள் சாயங்காலமே குழாயில் தண்ணீர் பிடித்துத் தகர டின்னைக் கொடிக்கால் ஓரம் வைத்திருந்தார். விடிந்ததும் பல் விளக்கினார். பிறகு டின் தண்ணீரை வாயில் அள்ளி அள்ளி, பூக்காரர்கள் பூவுக்கு ஊதுவதுபோல், கொடிமேல் ஊதினார். கூட்டம் வரும்போது இலை பனியில் நனைந்தமாதிரி இருக்கவேண்டும் அவருக்கு. மீதியை வேரில் ஊற்றினார்.

"ஏதாவது சொன்னாரா?"

"தண்ணி சவுக்காரம் மாதிரி வழுக்குதுன்னார். டின்னு சரியாக் கழுவலைன்னு என்னை ஏசினார்."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கிராணி சிரித்தார். "இந்தக் கதையெல்லாம் எழுதணுமா, பெர்னார்ட் சார்?"

பெர்னார்ட் கொல்லைக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். கொடியின் அடி இலைகள் பச்சை. உச்சி இலைகளும் பச்சை. நடுவில், பாதையைப் பார்த்த பக்கம் மட்டும், ஊசி குத்தியதுபோல் பழுப்புப் புள்ளிகள். அந்த இடத்துக்கு நேராக நின்று, பெர்னார்ட் தன் வாயருகில் கையை வைத்து அளந்தார்.

அப்புறம் கூலிகளை வேலை வாங்கும் கங்காணி வீரமுத்துவைக் கூப்பிட்டார். "லாலான் புல்லைக் கொல்ல மருந்து அடிக்கிறது உங்க ஆளுங்கதானே? பம்பு பட்டா இலை எப்படிக் கருகும்?"

"அடியிலேருந்து நுனிவரைக்கும் ஒரேயடியாப் போயிடுங்க. இப்படிப் பொட்டுப் பொட்டா வராது."

"மருந்தைக் கையால தொட்டா?"

"வழவழன்னு இருக்கும்." சொல்லிவிட்டுக் கங்காணி என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"மருந்து எங்க இருக்கு?"

"ஸ்டோர்ல. ஒரு சாவி கிராணி ஐயாகிட்ட, ஒண்ணு எங்கிட்ட."

"நேத்து இந்த வீட்டுல வெத்தலை போட்டீங்களா?"

"எங்கே விட்டாங்க? காளியப்பன் பறிச்சு எல்லாருக்கும் நீட்டினான். நான் கைநீட்டி வாங்கிட்டேன். துரை முன்னால என்ன வெத்தலைன்னு கிராணி ஐயா தட்டிவிட்டுட்டார். யாரையும் தொடவிடல." கங்காணி கிராணியைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா அடுத்த வீட்டுல அதே துரை முன்னால, இவரே வெத்தலை வாங்கிப் போட்டுக்கிட்டு மாடு மாதிரி மென்னார்."

பெர்னார்ட் இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"தண்ணியிலதான் மருந்து இருந்துச்சு. அதனாலதான் வழுக்கிச்சு. அதை வாயில வச்சு ஊதினதாலதான் இலையில அந்த உயரத்துல மட்டும் புள்ளி. ஊதினப்போ கொஞ்சம் உள்ளே போயிருக்கு. கூட வந்தவங்க யாரும் அந்த இலையை வாயில போடல, பிழைச்சாங்க. சாவி ரெண்டு பேர்கிட்ட. கங்காணிக்குத் தெரிஞ்சிருந்தா அந்த இலையை வாங்கக் கைநீட்டியிருக்க மாட்டார். இந்தக் கொடியில விஷம் இருக்குன்னு நேத்துக் காலையில தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான். ஜெயபாலன், நீங்க."

கிராணி கொடியைக் காட்டினார்.

"கொடி பட்டுப்போகட்டும்னுதான் ராத்திரி டின்னுல கலந்தேன். வேருக்குத்தானே ஊத்துவான்னு நெனச்சேன். வாயில வச்சு ஊதுவான்னு யாருக்குத் தெரியும்? ஆளைக் கொல்லணும்னு சத்தியமா நெனைக்கல."

அதை நான் நம்பினேன். அதனால்தான் இன்றுவரை வயிறு எரிகிறது. அவருக்கு என் புருஷன்மேல் பகைகூட இல்லை. துரைசாணி கைப்பரிசு ஒன்று மூன்றாம் முறையும் தன் வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிறு கூட்டம் கலைந்ததிலிருந்து கிராணி எங்கள் வாசலில்தான் நின்றார். என் புருஷன் குடல் வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தார். சனங்களுக்கு வைத்தியம் பார்க்கும் தோட்டத்து டிரெசர் கேட்டார், "என்னத்தைச் சாப்பிட்டார்?" கிராணி சொன்னார், "மரவள்ளி." டிரெசர் மரவள்ளிக்கு வைத்தியம் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம்; துரையின் கார் நிழலில் சும்மாதான் நின்றது.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். "நீங்க சொல்றதுக்கு ஏதாவது இருக்கான்னு கேட்கிறார்," என்றார் பெர்னார்ட்.

நான் கிராணியைப் பார்த்துத்தான் பேசினேன்.

"ராத்திரி கலந்தப்போ வாயில வைப்பாருன்னு தெரியாதுன்னு சொல்லிட்டீங்க, ஐயா. மத்தியானம் அவரு தண்ணி தண்ணின்னு கத்தினப்போ என்ன விஷம்னு உங்களுக்குத் தெரியும். அப்போ கொன்னது கொடியையா, ஆளையா?"

பெர்னார்ட் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். லாரியில் கிராணியை ஏற்றினார்கள்.