தரைப்பாலத்தில் நின்ற வண்டி

ஐப்பசி மழை அன்று மதியமே பிடித்துக்கொண்டது. ஓவர்டைம் முடிந்து பெண்கள் மில் கேட்டுக்கு வந்தபோது சாயங்காலம்தான். ஆனாலும் ராஜபாளையத்தின் மேல் வானம் கரிப்பிடித்துக் கிடந்தது. மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை.

மம்சாபுரத்துக்குப் போக வேண்டியவர்கள் அன்று நான்கு பேர். அனுசியாவும் ஆனந்தவல்லியும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிகிறவர்கள். ஆனந்தவல்லியின் சித்தி மகள் இருளம்மாள் ஸ்பின்னிங்கில் புதிதாகச் சேர்ந்தவள். நான்காவது ஆள் மாரிக்கனி. வயதில் மூத்தவள், மில்லில் பல வருஷம் பழகியவள்.

அனுசியா மறந்துவிட்ட டிபன் பாக்ஸை எடுக்க உள்ளே ஓடினாள். அவளுக்குத் துணையாக மாரிக்கனி கேட்டுக்கு உள்பக்கமே நின்றுகொண்டாள். அதற்குள் வெளியே ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது.

"வண்டி வந்துருச்சுட்டி, சீக்கிரம் வா!" என்று கத்திவிட்டு ஆனந்தவல்லி துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே இருளம்மாள்.

அனுசியா திரும்பி வந்தபோது வேன் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ஆனந்தவல்லி சிரித்துக்கொண்டே கையசைத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் தலைமுடி நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

"நம்மள விட்டுட்டுப் போறாவளே அக்கா!"

மாரிக்கனி பதில் சொல்வதற்குள் இன்னொரு வேன் வந்து நின்றது. வழக்கமான வண்டி. உள்ளே டிரைவர் காசிராஜன், பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டேன். ஏறுங்க தாயி. மத்த ரெண்டு பேரு எங்க?"

அனுசியா வேன் போன பக்கம் கையைக் காட்டினாள். "அவளுக இப்பத்தான் ஒரு வேன்ல ஏறிப் போனாளுக அண்ணே. உள்ள பொம்பளையாளா இருந்துச்சு. அம்புட்டுப் பேருக்கும் தல நனைஞ்சிருந்துச்சு."

"வண்டிக்குள்ள இருக்கவளுக்கு எப்படி நனையும்?" என்றார் காசிராஜன்.

மாரிக்கனியின் முகம் வெளுத்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏட்டி, வண்டி சத்தம் ஒனக்குக் கேட்டுச்சா?"

அனுசியா யோசித்துப் பார்த்தாள். மழைச் சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

அவள் ஆனந்தவல்லிக்குப் போன் போட்டாள். உடனே எடுத்தாள்.

"வல்லி, எங்க இருக்க?"

"ஊரு வந்துருச்சுட்டி. இந்தா, எங்க தெரு லைட்டு தெரியுது. எறங்கப் போறோம்."

ஏறி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ தகரத்தைத் தட்டுகிற சத்தம். பல கைகள் சேர்ந்து தட்டுகிற சத்தம். அதற்கும் பின்னால் தண்ணீர் இரைந்தது.

லைன் அறுந்துவிட்டது.

"அண்ணே, வண்டிய எடுங்க. ரோட்டு வழியா போவாதீங்க. செண்பகத்தோப்புக்குப் போற அடிவாரப் பாதையில விடுங்க" என்றாள் மாரிக்கனி.

இருவரும் ஏறியதும் காசிராஜன் கியரைப் போட்டார். வண்டி திரும்பியது.

போகிற வழியில் மாரிக்கனி மெதுவாகச் சொன்னாள். முன்னே ஒரு ஐப்பசியில், இதே மாதிரி மழையில், ஒரு வாடகை வேன் மில் பெண்களை ஏற்றிக்கொண்டு மம்சாபுரத்துக்குப் புறப்பட்டது. மெயின் ரோட்டில் தண்ணீர் நின்றதால் டிரைவர் அடிவாரப் பாதையில் விட்டான். அங்கே ஓடைக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். மேலே வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் நிறுத்தச் சொல்லித் தட்டினார்கள், அழுதார்கள். எதிர்க் கரையில் மாடு பத்திக்கொண்டு நின்றவர் அதைப் பார்த்தார். டிரைவர் நிறுத்தவில்லை.

"பொம்பளையாளுக பொணம் கெடச்சுது. அவன் கெடைக்கவே இல்ல" என்றாள்.

பாதையின் இருபுறமும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். மழை இலைகளில் விழுந்து ஒரே இரைச்சல். ஹெட்லைட் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. ஈரமண் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. குளத்தடியில் அழுகிய பாசியின் வாசனை.

"அந்தா" என்றார் காசிராஜன்.

முன்னால் இரண்டு சிவப்பு விளக்குகள்.

பாதை முழுக்கச் சேறு. காசிராஜனின் சக்கரம் இரண்டு முறை புதைந்து எழுந்தது. ஆனால் முன்னால் போன வண்டியின் தடம் எங்கேயும் பதிந்திருக்கவில்லை.

அவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நெருங்கினார். அந்த வண்டியின் பின்கண்ணாடி தெரிந்தது.

கண்ணாடி முழுக்க உள்ளங்கைகள்.

வெளுத்துச் சுருங்கிய உள்ளங்கைகள் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தன. ஈரத்தலையோடு இருந்த பெண்கள் எல்லாரும் அடித்தார்கள். வாய் திறந்து கத்தினார்கள். சத்தம் வரவில்லை. அவர்களுக்கு நடுவில் ஆனந்தவல்லியும் இருளம்மாளும் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நடப்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

அனுசியா அழத் தொடங்கினாள்.

"அழாதட்டி" என்றாள் மாரிக்கனி. "அவளுக நிப்பாட்டச் சொல்லி நம்மளத்தான் கூப்பிடுதாளுக."

காசிராஜன் வண்டியைச் சட்டென்று தென்னந்தோப்புக்குள் ஒடித்தார். மட்டைகள் கூரையில் உரச, தோப்பைக் குறுக்கே கடந்து, தரைப்பாலத்தின் வாயில் வெளியே வந்து வண்டியைக் குறுக்காக நிறுத்தினார். இரண்டு முழ தூரத்தில் செந்நிறத் தண்ணீர் பாலத்தை மூடிக்கொண்டு ஓடியது.

அந்த வெள்ளை வேன் அவர்கள் வண்டியின் விலாவில் மூக்கை வைத்து நின்றது.

"நீங்க போயி ரெண்டு பேரையும் எறக்குங்க. நான் பிரேக்க விட மாட்டேன்" என்றார் காசிராஜன்.

அது மெல்லத் தள்ளத் தொடங்கியது.

என்ஜின் சத்தம் இல்லை. காசிராஜன் பிரேக்கில் ஏறியே நின்றார். ஆனாலும் டயர்கள் சேற்றில் தண்ணீரை நோக்கி வழுக்கின. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

அனுசியா அந்த வேனின் கதவைப் பிடித்து இழுத்தாள். கைப்பிடி ஐஸ் கட்டிபோல் இருந்தது. மாரிக்கனியும் சேர்ந்து இழுத்தாள். கதவு திறந்தது.

உள்ளே மஞ்சள் பல்பு எரிந்தது. பாசி வாசனை முகத்தில் அறைந்தது. ஒருத்தரும் இப்போது கத்தவில்லை. எல்லாரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் களைப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏட்டி, எறங்கு!" என்று கத்தினாள் அனுசியா.

அத்தனை பேரும் எழுந்தார்கள்.

ஈரத்தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. எல்லார் முகத்திலும் அப்படி ஒரு ஆசை. தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று ஒவ்வொருத்தியும் நம்பி எழுந்திருந்தாள்.

முன்சீட்டில் இருந்தவன் திரும்பவில்லை. பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அவன் சட்டைக் காலரிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

"உக்காருங்க" என்றான். தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளித்தது. "ஏறுனவக எறங்கப்படாது."

எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

வெளியே காசிராஜனின் குரல் கேட்டது. "தாயி, முன்டயரு தண்ணிக்குள்ள போயிருச்சு!"

அனுசியா உள்ளே காலை வைத்தாள். கணுக்கால்வரை குளிர்ந்த தண்ணீர். அவள் நடுவில் இருந்த இருவரின் கையையும் பிடித்தாள்.

"ஆனந்தவல்லி. இருளம்மா. நான் அனுசியா வந்திருக்கேன். என்னப் பாருங்க."

"ஊரு வந்துருச்சா?" என்றாள் ஆனந்தவல்லி, தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி.

"வந்துருச்சு. வா."

அவர்கள் எழுந்தார்கள். அனுசியா ஒருத்தியை முன்னால் தள்ளி, இன்னொருத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாரிக்கனி படியில் நின்று கையை நீட்டினாள். இருளம்மாளைப் பிடித்து இறக்கினாள். ஆனந்தவல்லியைப் பிடித்து இறக்கினாள். அனுசியா தானே குதித்தாள்.

அப்போது உள்ளேயிருந்து மூன்றாவதாக ஒரு கை வந்து மாரிக்கனியின் கையைப் பிடித்தது.

"மாரியக்கா, என்னையும் எறக்கிவிடுங்க" என்றாள் அந்தப் பெண். குழந்தை முகம். மூக்குத்தி போட்ட இடத்தில் துளை மட்டும் இருந்தது. "எங்க அய்யா தேடுவாரு."

"வேலுத்தாயி…" என்றாள் மாரிக்கனி. அந்தப் பழைய ஐப்பசியில் வேனோடு போனவர்களில் ஒருத்தி.

முன்சீட்டில் இருந்த தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"அக்கா, கைய விடுங்க!" என்று அலறினாள் அனுசியா.

மாரிக்கனி விடவில்லை. பிடித்து இழுத்தாள்.

கதவு தானாக அறைந்து சாத்திக்கொண்டது. மாரிக்கனி சேற்றில் மல்லாக்க விழுந்தாள். அவள் பிடித்து இழுத்த பெண்ணைக் காணோம். அந்த வேன் தள்ளுவதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் விலகி, ஓடைக்குள் இறங்கியது. கண்ணாடியில் மறுபடியும் உள்ளங்கைகள். தண்ணீர் கூரைக்கு மேலே மூடிய பிறகும் அடியில் அந்த மஞ்சள் வெளிச்சம் சிறிது நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

திரும்பி வரும்போது ஆனந்தவல்லி நடுங்கிக்கொண்டே இருந்தாள். வண்டி நல்ல கதகதப்பாக இருந்தது என்றும், அம்மா வாசலில் நின்றதைப் பார்த்தேன் என்றும் திரும்பத் திரும்பச் சொன்னாள். இருளம்மாள் அவள் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். காசிராஜன் அவரவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

வழியெல்லாம் மாரிக்கனி மட்டும் வலது கையை மூடியே வைத்திருந்தாள்.

"கையில என்னக்கா?" என்றாள் அனுசியா.

மாரிக்கனி விரித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை. உள்ளங்கைத் தோல் மட்டும் வெகுநாள் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. ஆனந்தவல்லிக்கும் இருளம்மாளுக்கும் காய்ச்சல். அம்மா போகவேண்டாம் என்று தடுத்தும், அனுசியா மாரிக்கனியைத் தனியாக விட மனசில்லாமல் கிளம்பி வந்தாள். விடிகிற நேரம். வேன் நிற்கிற முக்கில் மாரிக்கனி நின்றாள். அவளிடம் ஒரு கிழவர் பேசிக்கொண்டிருந்தார். கீழத்தெரு சங்கையா. வேலுத்தாயின் அப்பா.

அவர் இரவெல்லாம் தூங்காதவர்போல் இருந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நேத்து வெளக்கு வச்ச பொறவு கதவத் தட்டுனா தாயி. தொறந்தேன். நிக்கா."

மாரிக்கனி வலது கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"எம்புட்டு நாளு கும்பிட்டிருப்பேன், ஒரு தடவ வந்துட்டுப் போவட்டும்னு. இப்ப மூலையில உக்காந்திருக்கா. சோறு வச்சேன், தொட மாட்டேங்கா. வீடு பூரா தண்ணி. எறைச்சுக் கொட்டக் கொட்ட ஊறுது."

"அது ஒங்க மகதானா அய்யா?" என்று அனுசியா மெல்லக் கேட்டாள்.

"அவதான்." கிழவர் கீழத்தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவளா இல்லாம இருந்தா இம்புட்டுப் பயம் வந்திருக்காதே. ராத்திரி பூரா ஒண்ணையே கேக்கா. மில்லு வண்டி எப்ப வரும், மாரியக்கா எப்ப வருவாகன்னு. நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருங்க தாயி. என்னால ஏலல."

காசிராஜனின் வேன் வந்து நின்றது. அனுசியா முதலில் ஏறினாள். மாரிக்கனி படியில் கால் வைத்தவள், திரும்பிக் கீழத்தெருவைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்.

"வா வேலுத்தாயி. நேரமாச்சு."

தெருவில் யாரும் இல்லை. ஆனால் சங்கையா சட்டென்று ஒதுங்கி வழிவிட்டார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

மாரிக்கனி உள்ளே வந்து, ஜன்னலோரம் ஒருவர் உட்காரும் இடத்தை விட்டு, தள்ளி உட்கார்ந்தாள். அனுசியாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இறங்கி ஓட வேண்டும்போல் இருந்தது. பாசி வாசனை வந்தது. சீட்டின் ரெக்சினில் ஈரம் வட்டமாகப் பரவியது.

வண்டி ஊரைத் தாண்டியது. வயல்களின் மேல் பனிப்புகை.

காசிராஜன் கண்ணாடியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"மாரிக்கனி" என்றார், உதடு அசையாமல். "பின்னால ஒரு வெள்ள வண்டி வருது. சத்தமே காணோம்."

"கைய மடியில வச்சுக்கோ, திரும்பிப் பாக்காத" என்றாள் மாரிக்கனி. அதை அவள் அனுசியாவிடம் சொல்லவில்லை. பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"நீங்க ஓட்டுங்க அண்ணே. எங்கயும் நிப்பாட்டாதீங்க."

அவளுடைய வலது கை காலி இடத்தின் மேல் விரிந்து கிடந்தது. அனுசியா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கையின் தோலில் நான்கு விரல்களின் பள்ளம் விழுந்தது. அது மெல்ல இறுகியது.