இரண்டு விரலில் நின்ற ஜெட்

காலை ஜெபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றப் போன சலோமி அப்படியே நின்றுவிட்டாள். மாடத்தில் இருந்த பித்தளை மாதாவைக் காணோம். கட்டைவிரல் உயரம்தான் என்றாலும் கையில் எடுத்தால் நல்ல கனம்.

"மாதா எங்கம்மா?"

"வெளியூர் போயிருக்காங்க," என்றாள் அம்மா அற்புதம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மேற்கொண்டு விசாரிக்கச் சலோமிக்குப் பொறுமை இல்லை. இன்று சாயங்காலம் ஜெட் பறக்கப் போகிறதே!

அந்தக் குட்டி ஜெட் விமானம், அம்மாவின் தம்பி அடைக்கலராஜ் மாமாவுடையது. பிரான்சில் வேலை பார்க்கும் மாமா லீவுக்குக் காரைக்கால் வந்தபோது அதையும் பெட்டியில் கொண்டு வந்திருந்தார். சலோமியின் உயரம் இருக்கும். அதில் பைலட் கிடையாது. தரையில் நின்று ரேடியோப் பெட்டியின் குச்சிகளை அசைத்தால் சொன்னபடி கேட்கும். பழைய எஞ்சினைக் கழற்றிப் பெரிய எஞ்சினைப் பொருத்த மாமாவுக்குப் பத்து நாள் பிடித்தது. பத்து நாளும் திருகாணி எடுத்துக் கொடுத்தவள் சலோமி.

நேற்று மாலை வேலை முடிந்ததும், மாமா இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் ஒவ்வொரு விரலை வைத்து ஜெட்டைத் தூக்கினார். அது ஆடாமல் நேராக நின்றது.

"இப்படி நின்னாதான் பறக்கும். வால் தாழ்ந்துச்சுன்னா ஏறுன வேகத்துல விழுந்து நொறுங்கிடும்," என்றார்.

நாளை மாமா பிரான்சுக்குக் கிளம்புகிறார். இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

நெரவிப் பக்கம் புதிதாகத் தார் போட்டு, இன்னும் வண்டி விடாத சாலையில் கூட்டம் கூடிவிட்டது. மாமா கடைசியாக ஒருமுறை ஜெட்டை விரல்களில் தூக்கினார். வால் பொசுக்கென்று தாழ்ந்தது.

எஞ்சின்தான் நகர்ந்திருக்கும், கழற்றிப் பார்ப்பதற்குள் இருட்டிவிடும் என்று முணுமுணுத்தபடி மாமா ஸ்பானர் எடுக்கக் காருக்குப் போனார்.

சலோமிக்கு அழுகை முட்டியது. நேற்று நேராக நின்றது இன்று எப்படித் தாழும்? திரும்பிப் பார்த்தாள். அம்மா கைகூப்பியபடி ஜெட்டின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சலோமிக்குப் பொறி தட்டியது.

ஓடிப்போய் வாலடி மூடியை நகத்தால் நெம்பினாள். உள்ளே, பஞ்சு சுற்றி நூல் கட்டி, மாதா!

"புது எஞ்சினாச்சே, ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு வச்சேன்," என்றாள் அம்மா காதோரமாக. பிறகு குரல் இறங்கியது. "நாந்தான் கெடுத்துட்டேனாடி?"

மாமாவுக்குத் தெரிந்தால் கூட்டம் என்றும் பாராமல் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். மாதாவைப் பைக்குள் போட்டுக்கொண்டால் ஜெட் பறந்துவிடும். ஆனால் அம்மாவின் முகம் வாடிக் கிடந்ததே.

பள்ளிக்கூடத்துச் சீசாப் பலகையின் நினைவு வந்தது. இரண்டு நுனியிலும் மற்றவர்கள் ஏறிக்கொண்டால் சலோமி நட்டநடுவில் உட்காருவாள். அவள் ஏறினாலும் இறங்கினாலும் பலகை கண்டுகொள்ளாது.

மாமா விரல் வைக்கும் இடத்துக்கு நேராக, ஜெட்டின் நடுவயிற்றில் எரிபொருள் தொட்டி இருந்தது. அதைச் சுற்றியிருந்த பஞ்சுக்குள் மாதாவை அழுத்தி வைத்து மூடினாள்.

"மாமா, இன்னொரு தடவை தூக்கிப் பாருங்க."

ஸ்பானரோடு திரும்பி வந்த மாமா அரைமனதாகத் தூக்கினார். ஜெட் நேராக நின்றது. மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஆனால் கேள்வி கேட்க நேரமில்லை, எஞ்சினைக் கிளப்பினார்.

காது கிழியும் சத்தத்தோடு தார்ச்சாலையில் ஓடிய ஜெட், தரையை விட்டுக் கிளம்பியது! வயல்களுக்கு மேல் வட்டமடித்தது. பின்னால் ஓடிய நாய் ஒன்று பாதியில் மனம் மாறித் திரும்பியது. மாமா சலோமியின் கையில் ரேடியோப் பெட்டியைக் கொடுத்து, தன் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் குச்சியைத் தள்ள, ஜெட் இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது. சலோமிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

இறக்கிய பிறகு மிச்ச எரிபொருளை வடிக்க மாமா மூடியைத் திறந்தார்.

"மாதாவை யாரு இங்க வச்சது?"

அம்மா தலைகுனிந்தாள்.

"நான்தான் மாமா, நடுவுல வச்சேன்."

"நடுவுலயா? அதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்க?"

மாமா அக்காவைப் பார்த்தார், ஜெட்டின் வாலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எடுக்க வேணாம். அங்கயே இருக்கட்டும்," என்று மூடியை மூடினார்.

மறுநாள் மாமா ஜெட்டோடு புறப்பட்டுப் போனபின், ஜெபத்துக்கு உட்கார்ந்த அப்பா வெறும் மாடத்தைப் பார்த்து விழித்தார்.

"மாதா எங்க?"

சலோமியும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெளியூர் போயிருக்காங்கப்பா," என்றாள் சலோமி.