இரண்டு இழுப்பு

மாஞ்சோலைக்குக் கீழே அந்த ஓடைக்கு நானும் வழிகாட்டியும் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. மறுநாள் காலையில் எங்கள் கடலோர உவரிப் பங்குக் கோயிலின் இளைஞர் குழு, இருபது பேர், அதைக் கடந்து மலையேற வேண்டும். அவர்கள் பிடித்து நடக்கக் கயிறு கட்டுவது என் பொறுப்பு. இருபது பேரில் என் மகள் அனிஷாவும் ஒருத்தி. அதனால் வேறு யாரையும் நம்பி விடவில்லை.

கயிறு எனக்குப் புதிதில்லை. சங்கு குளிக்கிற படகில் பதினெட்டு வருஷம் கயிறு பிடித்தவன். கடலடியில் இருக்கிறவன் இரண்டு தடவை இழுத்தால் ‘தூக்கு’ என்று அர்த்தம். மேலே இருக்கிறவன் ஒரு தடவை இழுத்து ‘தூக்குகிறேன்’ என்று சொல்ல வேண்டும். அதை யோசிக்கக் கூடாது, கை தானாகச் செய்ய வேண்டும்.

ஒரே ஒரு நாள் என் கை செய்யவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தேன். அன்று அடியில் இருந்தவன் என் தம்பி லியோன். எத்தனை தடவை இழுத்தானோ. வெறுங்கயிறுதான் மேலே வந்தது, உடல்கூடக் கிடைக்கவில்லை. அத்தோடு தொழிலை விட்டேன்.

வழிகாட்ட வந்த மந்திரமூர்த்தி மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். அக்கரையில் ஒரு மருத மரத்தில் கயிற்றின் முனையைக் கட்டினான். மறுமுனையை நான் இக்கரைப் பாறையில் சுற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழங்கால் அளவுதான். மர நிழலில் கறுப்பாக, சத்தமில்லாமல் ஓடியது.

கயிறு இரண்டு தடவை இழுபட்டது.

என் கை தானாக ஒரு தடவை இழுத்துப் பதில் சொல்லிவிட்டது.

“என்ன வே, இறுக்கம் போதுமா?” என்று கத்தினேன்.

மந்திரமூர்த்தி குனிந்து காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையும் காலில்தான் இருந்தன.

“நான் கயித்தத் தொடவே இல்லையே, அண்ணாச்சி.”

நடு ஓடையில் கயிறு வளைந்து தண்ணீருக்குள் போயிருந்தது. ஏதோ தொங்குகிற கனம். பிறகு கனம் விட்டது. காற்றில் சங்குச் சதை அழுகும் நாற்றம் வந்தது. கடல் எங்கே, இந்த மலை எங்கே.

“இங்கன இப்படி ஒரு நாத்தம் நான் கண்டதில்ல. பைய வாங்க, போயிருவோம்” என்றான் மந்திரமூர்த்தி, குரலைத் தாழ்த்தி.

அப்போதே அவிழ்த்திருக்க வேண்டும். இருபது பேரிடம் என்ன காரணம் சொல்ல என்று விட்டுவிட்டேன்.

காலையில் வரிசையாகக் கடந்தார்கள். நான் பாறையோரம் கயிற்றைப் பிடித்து நின்றேன். ஒன்பதாவதாக வந்த அனிஷா நடு ஓடையில் நின்றுவிட்டாள்.

“ஏளா, நட!”

அசையவில்லை. அவளுக்குத் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. முன்னும் பின்னும் நின்றவர்களுக்கு முழங்காலிலேயே இருந்தது.

பிறகு நெஞ்சுக்கு.

கயிறு இரண்டு தடவை இழுபட்டது.

பதில் சொல்லத் துடித்த கையைக் கயிற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினேன். அவளை வாரித் தூக்கிக் கரையில் போட்டேன்.

இரண்டு ஆள் கனம் கனத்தாள்.

நடையை நிறுத்திவிட்டு வேனில் ஊர் திரும்பினோம். நல்ல வெயில். அனிஷா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பெல்லாம் அந்த நாற்றம். என் கழுத்துத் துண்டின் நுனி அவள் கையில் இருந்தது. கயிற்றுப் பேச்சை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

துண்டு இரண்டு தடவை இழுபட்டது.

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இரண்டு. இந்தத் தடவை பலமாக.

அவள் உடம்புக்குள்ளிருந்து இழுப்பது லியோனா, அவனுக்கு அடியில் மாட்டிக்கொண்ட என் மகளா?