வர்றியா?

அந்தக் கிணற்றைத் தூர்வார நானும் என் தங்கை புருஷனும் போனபோது உச்சி வெயில். தெருவில் மற்ற கிணறுகளெல்லாம் வற்றிவிட்டன. மிச்சம் இருந்தது, மில்காரர் வீட்டுப் பின்கட்டில் பலகைக்கல் போட்டு மூடிய இந்த ஒன்றுதான். மில்காரர், எதிர்வீட்டுத் தையல்காரரின் மனைவியோடு ஓடிப்போனதாக ஊர் பேசி ஓய்ந்து வெகுகாலம் ஆகிறது. கிணற்றை மூடியது அதற்கப்புறம்தான். திறக்க வேண்டாம், அந்தத் தண்ணீர் ஆகாது என்று மில்காரர் மனைவி வாசலிலேயே மறித்தாள். தாகம் யார் பேச்சைக் கேட்கும்? தெருவே சேர்ந்து கல்லை நகர்த்தியது.

உள்ளேயிருந்து வந்தது சேற்று வாடை இல்லை. ஈரத்தோடு பெட்டியில் மடித்து வைத்த துணியின் வாடை.

"ஒளிஞ்சுக்க நல்ல இடம் மச்சான். உங்க தங்கச்சி இங்க வந்து தேட மாட்டா" என்று சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை இறங்கினான்.

மேலே வடத்தை நான் பிடித்தேன். எனக்குப் பின்னால், கை கொடுக்க வந்த தையல்காரர். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருப்பவனைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டோம். கிணற்றுக்குப் பெயர் தெரியக் கூடாது என்பார்கள். "வர்றியா?" என்று மட்டும் கேட்போம். வருவதானால் அவன் வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு முறை இழுப்பான்.

சேற்றுக்கூடை வருவது நின்றது. வெறும் வடத்தை இறக்கினேன்.

"வர்றியா?"

இரண்டு இழுப்பு.

இழுத்தோம். கப்பி முனகியது. மாப்பிள்ளை ஒல்லி. இந்தக் கனம் அவனுடையதில்லை. பாதிக் கிணறு ஏறியிருக்கும், அடியிலிருந்து அவன் குரல் வந்தது.

"மச்சான், யாரை இழுக்குறீங்க? நான் இன்னும் கட்டவே இல்ல."

வடத்தை அப்படியே பிடித்து நிறுத்தினேன். விட்டால் அது அவன் தலையில் விழும். இழுத்தால் மேலே வரும்.

மில்காரர் மனைவி அரிவாளோடு ஓடிவந்தாள். "அறுத்து விடு. அவ வரக் கூடாது."

தையல்காரர் வடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "வாம்மா" என்றார் மெல்ல. "நீ ஓடிப்போயிட்டேன்னுதானே நெனச்சேன்."

மில்காரர் மனைவி அரிவாளை ஓங்கினாள். கீழே என் தங்கை புருஷன் இருக்கிறான் என்று கெஞ்சி, வடத்தை விடாமல் மறு கையால் அவள் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

சட்டென்று வடம் லேசானது.

விழுந்த சத்தமே இல்லை.

மறுபடி இறக்கினேன். "வர்றியா?" என்று கேட்கத் துணியவில்லை. வருகிறேன் என்று சொல்லப்போவது யாரோ? வழக்கத்தை மீறி மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கிணறு அதைத் திருப்பிச் சொன்னது.

எதிரொலி அடங்கிய பிறகும் ஒரு தடவை சொன்னது.

இரண்டு இழுப்பு. வந்தது மாப்பிள்ளைதான், உயிரோடுதான். ஆனால் முதல் தடவை இழுத்த கனம் குறையவில்லை.

தையல்காரர் இன்னும் அந்தக் கிணற்றடியிலேயே கிடக்கிறார். கிணற்றுக்குள் இப்போது யாரும் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நேற்றுத் தங்கை வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"பெரிய கட்டில்தாண்ணே" என்றாள். "ஆனா அவருக்குப் பக்கத்துல எனக்கு இடமில்ல."